எம்பிராய்டரி வளையத்தில் துணியை எவ்வளவு இறுக்க வேண்டும்? கழற்றியபின் சுருக்கமும் வட்டத்தடமும் விழுகின்றன

கேள்வி: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். ஏழெட்டு மாதங்களாகக் கையால் எம்பிராய்டரி போட்டுப் பழகி வருகிறேன். தலையணை உறை, கைக்குட்டை என்று பருத்தித் துணியில் போட்டவரை சொல்லிக்கொள்ளும்படியான குறை எதுவும் தெரியவில்லை. சென்ற மாதம் என் தங்கையின் வளைகாப்புக்காகப் பட்டுப்பருத்தி ரவிக்கைத் துணி ஒன்றை எடுத்து, பின்கழுத்துக்குக் கீழே ஒரு தாமரையும் அதன் இருபுறமும் கொடியும் வரும்படி வரைந்து, 6 அங்குல மர வளையத்தில் மாட்டிப் போடத் தொடங்கினேன். இதழ்களை மூன்று இழை நூலில், இழைகளை நெருக்கமாக அடுக்கி நிரப்பும் சாட்டின் தையலாலும், கொடியைச் சங்கிலித் தையலாலும் முடித்தேன். ஓரிடத்தில் மட்டும், துணியை வளையத்தில் மாட்டிய பிறகு ஒரு மருந்துப் புட்டியின் மூடியை வைத்து வட்டமாக ஒரு மொட்டு வரைந்து சேர்த்தேன்.

வளையத்தில் இருந்தவரை எல்லாம் பலகைபோல் சமமாகத்தான் இருந்தது. கழற்றி மேசைமேல் விரித்தபோதுதான் மனம் உடைந்தது. தாமரை கிண்ணம் கவிழ்த்ததுபோல் மேலெழும்பி நிற்கிறது, அதைச் சுற்றியுள்ள துணி அலையலையாக இருக்கிறது. கொடியின் ஓரத்திலோ துணி கொசுவம் வைத்ததுபோல் சுருங்கியிருக்கிறது. மூடியை வைத்து வரைந்த வட்டம் முட்டை வடிவமாகிவிட்டது. இவை போதாதென்று, வளையம் பதிந்த வட்டத்தடம் இஸ்திரி போட்ட பிறகும் பளபளப்பான கோடாகத் தெரிகிறது. கொடியைப் போடும்போது வளையத்தை ஜரிகைக் கரைக்கு அருகே நகர்த்தி மாட்டியிருந்தேன் என்பதையும், அங்கே துணி அடிக்கடி நழுவியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முதலில் சொல்லித்தந்தவர், விரலால் தட்டினால் மேளம்போல் ஒலிக்கும்வரை துணியை இறுக்க வேண்டும் என்பார். எங்கள் தெருவில் நன்றாகத் தைக்கும் ஒருவரோ வளையமே தேவையில்லை, அது கையைக் கட்டிப்போடும் என்கிறார். இருவரின் வேலையும் அழகாகத்தான் இருக்கிறது. அப்படியானால் நான் எங்கே தவறினேன், இந்தத் துணியை மீட்க முடியுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஊசிமுனை

அன்புள்ள காவிரிக்கரைக்கு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தையல் சொல்லித்தருபவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன குறைகள் ஒரே துணியில் வந்திருந்தாலும், ஒரே காரணத்தால் வந்தவை அல்ல. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் "இறுக்கியதுதான் தப்பு" என்றோ "இறுக்காததுதான் தப்பு" என்றோ ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால், அடுத்த துணியிலும் ஏதாவது ஒன்று திரும்ப வரும்.

தாமரை எழும்பி நிற்பதும் வட்டம் முட்டையானதும் துணியை அளவுக்கு மீறி இழுத்ததன் விளைவு. இழுபட்டு நிற்கும் துணியில் நெருக்கமாக இழைகளை நிரப்பும்போது, அந்த இடம் இழுபட்ட அளவிலேயே பூட்டப்பட்டுவிடுகிறது. வளையத்தைக் கழற்றியதும் சுற்றியுள்ள துணி தன் பழைய அளவுக்குத் திரும்புகிறது, ஆனால் பூட்டப்பட்ட பூவுக்கு அது முடிவதில்லை, எனவே அது மேலே எழும்புகிறது. மொட்டின் கதை இன்னும் தெளிவு. இழுபட்ட துணியில் வரைந்த வட்டம், துணி தளர்ந்தால் வட்டமாக இருக்க வழியே இல்லை. எந்த வடிவத்தையும் துணி மேசைமேல் தட்டையாகக் கிடக்கும்போதே வரைந்துவிட வேண்டும். வளையத்தில் மாட்டிய பிறகு அந்தக் கோடுகள் கோணினால், துணி கோணலாக இழுபட்டிருக்கிறது என்று அவையே காட்டிக்கொடுக்கும்.

கொடியோரத்துச் சுருக்கம் இதற்கு நேர்மாறானது. கரைப்பக்கம் ஜரிகையால் தடித்தும் உடல்பக்கம் மெல்லியதாகவும் இருக்கும் துணியை வளையம் பிடித்தால், தடித்த பகுதியை மட்டுமே அது இறுகப் பற்றும், மெல்லிய பகுதி நழுவித் தொய்யும். தொய்ந்த துணியில் ஒவ்வொரு கண்ணியையும் நீங்கள் இழுத்து இறுக்கியிருக்கிறீர்கள், நூலோடு துணியும் கூடி வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு தையலுக்கு ஒருமுறை துணியின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இது தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும்.

இனி மாட்டும் முறை. உள்வளையத்தை மேசைமேல் வைத்து, வரைந்த துணியை அதன்மேல் விரித்து, திருகைத் தளர்த்திய வெளிவளையத்தை மேலிருந்து அழுத்துங்கள். திருகைப் பாதி முடுக்கிவிட்டு, துணியை அதன் பாவு நூல் (நீளவாட்டு நூல்) போகும் திசையில் எதிரெதிராக ஒருமுறை, ஊடை நூல் (குறுக்குவாட்டு நூல்) போகும் திசையில் ஒருமுறை மெதுவாக இழுத்துச் சமப்படுத்துங்கள். மூலைவாட்டில் மட்டும் இழுக்கவே கூடாது, ஏனென்றால் நெய்த துணி அந்தத் திசையில்தான் ரப்பர்போல் நீளும். நூல்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு, அதன் பிறகே திருகை முழுதாக முடுக்க வேண்டும். முடுக்கிவிட்டுப் பிறகு சுற்றிலும் பிடித்து இழுப்பது பலருக்கும் உள்ள பழக்கம், முட்டை வடிவம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. வலக்கையால் தைப்பவர் திருகை, கடிகாரத்தில் 10 மணி இருக்கும் பக்கமாக வைத்துக்கொண்டால் நூல் அதில் போய்ச் சிக்காது, இடக்கைக்காரருக்கு அது 2 மணிப் பக்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தையல் வகுப்புகளில் இதே வளையத்தைத் தையல் இயந்திரத்தில் போடும் எம்பிராய்டரிக்கும் மாட்டுவார்கள். அங்கே துணி இயந்திரத் தட்டின்மேல் படிந்து நகர வேண்டும் என்பதால், வெளிவளையம் கீழே வரும்படி தலைகீழாக மாட்டி, நன்றாக இறுக்கவும் செய்வார்கள். அதைப் பார்த்துப் பழகியவர்கள் கைத்தையலுக்கும் அப்படியே மாட்டுவதை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். நீங்களும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வட்டத்தடத்துக்கு மருந்தைவிடத் தடுப்பே மேல். பருத்தி நாடாவை உள்வளையத்தின்மீது சற்றே சாய்வாக, ஒரு சுற்று அடுத்ததன்மேல் கொஞ்சம் ஏறும்படி சுற்றி, முடிவை உட்புறத்தில் நான்கு தையல் போட்டு நிறுத்துங்கள். 6 அங்குல வளையத்துக்கு ஏறத்தாழ 2 மீட்டர் நாடா போதும். மரத்தின் கூர்முனை துணியில் பதியாது, பட்டு நழுவுவதும் நின்றுவிடும். அதைவிட முக்கியமாக, அன்றன்றைய வேலை முடிந்ததும் துணியைக் கழற்றி வைத்துவிடுங்கள். வாரக்கணக்கில் வளையத்திலேயே கிடக்கும் துணியில் மடிப்போடு தூசியும் கையழுக்கும் சேர்ந்து படிந்துவிடும், அந்தக் கறை மடிப்பைவிடப் பிடிவாதமானது.

பதில்: ஆரிக்கொக்கி

ஊசிமுனை அம்மா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் "மேளம்போல்" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சற்றுச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் அது எங்கள் பட்டறைச் சொல். நாங்கள் ஆரி வேலை செய்பவர்கள். ஆரி ஊசியின் முனையில் கொக்கி இருக்கும். மேலே உள்ள கை ஊசியைக் குத்த, துணிக்கு அடியில் உள்ள கை நூலைக் கொக்கியில் மாட்டிவிட, ஊசி அதைக் கண்ணியாக மேலே இழுத்துக்கொண்டு வரும். இரண்டு கைகளுக்கும் வேலை இருப்பதால் துணியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது, எனவே அது ஸ்டாண்டில், அதாவது துணியை இழுத்துக் கட்டும் சட்டத்தில், நிற்க வேண்டும். அதுவும் கல்போல் நிற்க வேண்டும். துணி கொஞ்சம் தொய்ந்தாலும் கொக்கி மேலே வரும்போது துணி நூலையும் பற்றிக்கொண்டு இழை கிழிந்துவிடும். அதனால்தான் நாங்கள் தட்டிப் பார்த்து ஓசை கேட்ட பிறகே உட்காருகிறோம்.

இப்போது ரவிக்கைக்கு ஆரி வேலை எங்கும் பரவியிருப்பதால், அந்த அறிவுரை சாதாரண ஊசியால் தைப்பவர்கள் காதிலும் விழுந்து, காரணம் இல்லாமல் விதி மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். மேலும், ஸ்டாண்டில் நாங்கள் இறுக்கும் துணி, நான்கு பக்கமும் காடாத் துணியோடு சேர்த்துத் தைக்கப்பட்டு, இழுப்பு முழுவதும் பரவலாக நூல் திசையிலேயே விழும். கையடக்க வளையத்தில் அந்த அளவு இறுக்கம் வேண்டுமென்று இழுத்தால், பிடிக்கும் இடத்தில் மட்டும் இழுப்பு விழுந்து துணி கோணத்தான் செய்யும்.

ஓர் இடத்தில் மட்டும் அம்மாவோடு வேறுபடுகிறேன். சாட்டின் தையலுக்குச் சாதாரண ஊசியிலும் துணி நல்ல விறைப்பாகவே இருக்க வேண்டும், தளர்த்தினால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தளர்த்துவதைவிட, அந்த மெல்லிய துணிக்கு அடியில் மல் துணி (மெல்லிய பருத்தித் துணி) ஒன்றை வைத்து இரண்டையும் சேர்த்து நூலோட்டி மாட்டினால், விறைப்பும் கிடைக்கும், துணியும் கோணாது. ரவிக்கைக்கு எப்படியும் லைனிங் கொடுக்கப் போகிறீர்கள் என்பதால் அடித்துணி வெளியில் தெரியாது.

காவிரிக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. எனக்குச் சொல்லித்தந்தவர் முன்பு ஆரிப் பட்டறையில் வேலை செய்தவர்தான், இப்போதுதான் எனக்கு அது விளங்குகிறது. வளையத்தையும் பார்த்தேன், இயந்திரத்துக்கு மாட்டுவதுபோல் தலைகீழாகத்தான் மாட்டியிருந்தேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். சங்கிலித் தையலை நான் ஊசியை ஒரே வீச்சில் உள்ளே விட்டு வெளியே எடுத்துப் போடுகிறேன். வளையத்தில் அது கடினமாக இருந்தது, வளையத்தோடு போராடியதுபோல் மணிக்கட்டு வலித்தது. கைப்பகுதிக்கான துணி சிறியது, ஏற்கெனவே வெட்டியும்விட்டேன், அதை வளையம் பிடிக்கவே இல்லை. கெட்டுப்போன பின்கழுத்துத் துணிக்கும் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: ஊசிமுனை

ஆரிக்கொக்கி சொன்ன அடித்துணி யோசனை மிகச் சரி, நான் அதை எழுத மறந்துவிட்டேன். அதோடு, இந்தத் துணிக்கு மூன்று இழை கனம். ஆறு இழை நூலிலிருந்து இரண்டு இழையை மட்டும் பிரித்துப் போட்டால் பூ பாரமாகாது.

மணிக்கட்டு வலித்ததற்குக் காரணம் நீங்கள் போட்ட விதம். ஊசியை மேலிருந்து குத்திக் கீழே எடுத்து, பின் கீழிருந்து குத்தி மேலே எடுக்கும் முறைக்குத்தான் விறைப்பான துணி ஏற்றது. சாட்டின் தையல், பிரெஞ்சு முடிச்சு, குறுக்குத் தையல் எல்லாம் அந்த வகை. ஒரே வீச்சில் துணியைக் கோர்த்து எடுக்கும் சங்கிலி, காம்புத் தையல், ஹெர்ரிங்போன் போன்றவற்றுக்குத் துணி வளைந்துகொடுக்க வேண்டும். எனவே கொடிக்கு வந்ததும் திருகை ஓரிரு சுற்றுத் தளர்த்தி, நடுவில் விரலால் அழுத்தினால் துணி சற்றே குழியும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வளையத்தைக் கழற்றிவிட்டே போடுங்கள். வளையத்திலேயே போட விரும்பினால் ஊசியை இரண்டு அசைவாகப் பிரித்துக்கொள்ளலாம், நேரம் கூடும், அவ்வளவுதான். நூலை ஊசியில் பலமுறை சுற்றிப் போடும் புல்லியன் முடிச்சுக்கும் தளர்வு வேண்டும். வளையத்தை முழுதும் இடக்கையாலேயே தாங்காமல் அதன் ஓரத்தை மேசை விளிம்பில் சாய்த்துக்கொண்டால் வலி பாதியாகக் குறையும். வளையத்தைப் பிடித்த விரல்கள் அதன் நடுவரை எட்ட வேண்டும், பெரும்பாலான பெண்களுக்கு 5 அல்லது 6 அங்குலத்துக்கு மேல் அது எட்டாது. முடித்த தையலின்மேல், குறிப்பாக முடிச்சோ மணியோ வைத்த இடத்தில், வளையத்தை அழுத்தாதீர்கள், நசுங்கியது நிமிராது.

வெட்டிய கைத்துணியின் ஓரங்களில் பழைய பருத்தித் துணியைப் பட்டைகளாக வெட்டி நீளத்தையலில் ஒட்டுங்கள். வளையம் அந்தப் பழந்துணியைப் பிடித்துக்கொள்ளும், நல்ல துணியில் தடமும் விழாது. ஆனால் அடுத்த முறை ரவிக்கையின் அளவைத் துணியில் வரைந்து, எம்பிராய்டரியை முடித்து, அதன் பிறகே வெட்டுங்கள். எவ்வளவு கவனமாகப் போட்டாலும் தையல் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும், முதலிலேயே வெட்டிவிட்டால் அந்தக் குறைவை எங்கிருந்து ஈடுகட்டுவது? கரைக்கு அருகில் போடும்போதும் இதேபோல் மெல்லிய பக்கத்தில் நாடாத் துண்டு வைத்துக் கனத்தைச் சமப்படுத்தலாம்.

பின்கழுத்துத் துணியில், சுருங்கிய கொடியைப் பின்பக்கமிருந்து வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போடுவதைத் தவிர வழியில்லை. தாமரைக்கு நம்பிக்கை உண்டு. தடித்த துவாலையை நான்காக மடித்து, பூவின் முகம் அதில் அமிழும்படி கவிழ்த்து, மேலே ஈரத் துணி விரித்து, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுங்கள். ஆவி மட்டும் இறங்க வேண்டும். பிறகு சூடு ஆறுமுன் துணியை நூல் திசையில் நேராக்கி, சுற்றிலும் துருப்பிடிக்காத குண்டூசிகளால் துவாலையோடு குத்தி, முழுவதும் உலரும்வரை விட்டுவிடுங்கள். சிவப்பு நூலாக இருந்தால் முன்னதாக ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் விட்டால் ஆவியும் வேண்டாம். இஸ்திரிக்கு முன் வரைந்த கோடுகளை நீக்கிவிட வேண்டும், சில பேனா மைகள் சூடு பட்டால் நிலைத்துவிடும்.

பதில்: மலைச்சாரல்

வளையம் தேவையே இல்லை என்று சொன்ன உங்கள் தெருக்காரருக்காக நானும் கொஞ்சம் பரிந்து பேசுகிறேன். நான் நீலகிரியில் இருப்பவள். இங்கே தோடர் பெண்கள் பூத்துக்குளி என்னும் போர்வையில் போடும் எம்பிராய்டரிக்கு வளையமும் இல்லை, வரைபடமும் இல்லை. வெள்ளைப் பருத்தித் துணியின் நூல்களை விரலால் எண்ணி, சிவப்பும் கறுப்புமான நூலை அவற்றினூடே கோர்த்துக்கொண்டே போவார்கள். தைப்பவரின் முகம் பார்ப்பது துணியின் பின்பக்கம், ஆனாலும் இரு பக்கமும் பார்க்கும்படி இருக்கும். 2013-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையலால் நிரப்பும் காந்தா வேலையும் வளையமில்லாமல் செய்யப்பட்டு வந்ததுதான். அங்கே லேசான சுருக்கமே அந்த வேலையின் அழகு.

ஆனால் இவை எதுவும் சாட்டின் தையல் அல்ல என்பதைக் கவனியுங்கள். நூலை எண்ணிப் போடும்போது துணியின் நெசவே சட்டமாக நின்று தையலைப் பிடித்துக்கொள்கிறது. காந்தாவில் பல அடுக்குத் துணி சேர்ந்து விறைப்பைக் கொடுக்கிறது. மெல்லிய பட்டுப்பருத்தியில் தாமரை இதழை நிரப்புபவருக்கு இரண்டும் இல்லை, ஆகவே அவர் வளையத்தை விட முடியாது. உங்கள் தெருக்காரர் என்ன தையல் போடுகிறார் என்று பாருங்கள், பெரும்பாலும் சங்கிலியோ காம்புத் தையலோவாகத்தான் இருக்கும்.

வளையம் வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவான மூங்கில் வளையங்களில் உள்வட்டமும் வெளிவட்டமும் முழுதாகப் பொருந்துவதில்லை. கடையிலேயே இரண்டையும் சேர்த்துத் திருகை முடுக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் துணி நழுவும். கடையில் வளையத்தை ஃபிரேம் என்று கேட்டால் பிளாஸ்டிக்கைத்தான் முதலில் எடுத்துத் தருகிறார்கள். அதிலும் நன்றாகப் பிடிப்பவை உண்டு, எங்கள் ஊர் மழைக்கு மரம்போல் அது ஊறிக்கொள்ளாது என்பதால் நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

காவிரிக்கரை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மலைச்சாரல் சொன்னது சரி, எங்கள் தெருக்காரர் போடுவதில் பெரும்பகுதி காம்புத் தையல்தான். வளையத்துக்கு நாடா சுற்றினேன். முதல் முறை அடுக்கு அதிகமாகி வெளிவளையம் ஏறவே இல்லை, பிரித்து மெல்லியதாகச் சுற்றினேன். கொடியை எடுத்துவிட்டு, வளையத்தைத் தளர்த்தி இரண்டு இழையில் மறுபடி போட்டதில் ஒரு சுருக்கமும் இல்லை. நூல் சாயம் விடவில்லை என்று பார்த்துக்கொண்டு ஆவி பிடித்து இரவு முழுவதும் குண்டூசி குத்தி வைத்ததில் தாமரை முக்கால்வாசி படிந்துவிட்டது. மொட்டு முட்டையாகவே இருக்கிறது, அதன் நுனியில் இரண்டு தையல் கூட்டிக் கூர்மொட்டாக்கிவிட்டேன். கைப்பகுதிக்கு மல் துணி வைத்துப் பட்டை ஒட்டியிருக்கிறேன், நாளை தொடங்குகிறேன். வட்டத்தடம் மட்டும் ஒரு பக்கத்தில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. துணியைப் பார்த்த தையற்காரர், அந்த இடம் பக்கத் தையலின் மடிப்புக்குள் போய்விடும் என்றார்.